இரண்டு பேருக்கு ஒரே நாற்பத்தொன்று

வெள்ளக்கல்லைத் தாண்டும்போதுதான் கவனித்தேன், பிஸ்கட் பாக்கெட் இன்னும் என் கையில் இருந்தது. ரத்தம் கொடுத்தவர்களுக்கு லேப்பில் கொடுக்கும் சின்னப் பாக்கெட். நான் ரத்தம் எதுவும் கொடுக்கவில்லை. "எங்க பெட்டியில தப்பில்ல சார்" என்று ஒரே ஒரு வாக்கியம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அதைக் கேட்டு நிம்மதியான லேப் உரிமையாளர் எடுத்து நீட்டிய பாக்கெட் அது.

பகல் பன்னிரண்டு மணி. மேடவாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளைக்கு நடந்துகொண்டிருந்தேன். பஸ் போனது, ஷேர் ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் குறைத்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஒரு பழக்கம். ஓர் இடத்தை விட்டுப் போகிறேன் என்றால் நடந்துதான் போவேன். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு அப்படித்தான் நடந்தேன். நாக்பூர் போன லாரியில் கிளீனராக இருந்தபோது, டிரைவர் குடித்துவிட்டு அடித்தார் என்று ஒரு டோல்கேட்டில் இறங்கி நடந்தேன். சூரத்தில் புடவை மடிக்கும் வேலையை விட்டு, ஓசூரில் கிரைண்டிங் பட்டறையை விட்டு, எல்லாம் நடைதான். கடைசியாகத் தாம்பரம் வந்து சேர்ந்து, ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் மூன்று வாரம் படுத்து, சண்முகம் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் யூ.பி.எஸ். ரிப்பேர் கற்றுக்கொண்டேன். அங்கேதான் கால் கொஞ்சம் ஓய்ந்தது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனுக்குப் பேச நேரம் நிறைய. நீங்கள் எல்லோரும் கல்லூரியில் படித்து வந்தவர்கள், நான் படித்தது பாதிப் பள்ளிக்கூடம், மீதி கழற்றிப் போட்ட கம்ப்யூட்டர்கள். ஆகவே பாடம் எடுக்க மாட்டேன். அந்த ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். அதற்கு முன்னால் நடந்த ஒன்றிரண்டு விஷயங்கள் தெரிந்தால்தான் அது விளங்கும்.

கீழ்க்கட்டளையில் ஒரு கட்டடம். கீழே டைல்ஸ் கடை, மாடியில் எங்கள் கம்பெனி. இரண்டுக்கும் ஒரே முதலாளி. லேப், கிளினிக் மாதிரி இடங்களுக்கு வரிசை எண் கொடுத்து, விவரத்தைச் சேமித்து, ஸ்டிக்கர் அச்சடிக்கும் பெட்டிகளை நாங்கள் செய்தோம். நான் அங்கே முதலில் போனது யூ.பி.எஸ். மாட்டத்தான். மாட்டினேன், பிறகு பழுதான டிஸ்க் ஒன்றைச் சரிசெய்து கொடுத்தேன், பிறகு ஒரு நாற்காலி கிடைத்தது. மூன்று வருடத்தில் பெட்டிக்குள் கோப்புகளை டிஸ்க்கில் எழுதி வைக்கும் கோப்பு முறைமையின் மூல நிரலில் கை வைக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் கடைசிவரை அங்கே என் பெயர் 'யூ.பி.எஸ்.' தான்.

எதிர் நாற்காலியில் ஒரு பெண் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை மேடம் என்பேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த நல்ல விஷயங்களில் முக்கால்வாசி அவரிடமிருந்து வந்தவை. பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிஷன் போட்டிருக்கிறார், அதனால் மேடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேடவாக்கம் லேப்புக்கு எங்கள் பெட்டி போனது. போன அதே வாரத்தில் புகார் வந்தது: ரொம்ப மெதுவாக இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்கும் கூட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும். எல்லோரும் வெறும் வயிற்றில் சுகர் டெஸ்ட்டுக்கு வந்தவர்கள். முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர்கள், காபிகூடக் குடிக்காதவர்கள். பசியோடு வரிசையில் நிற்கிற ஐம்பது பேரின் கோபத்தை எந்தக் கம்பெனி வாசலிலும் நான் பார்த்ததில்லை. ரத்தம் எடுக்கும் செல்வி என்ற பெண் அந்தக் கோபத்துக்கு நடுவில் ஊசியோடு நின்றார். ஒவ்வொருவருக்கும் பெட்டி யோசித்து யோசித்து ஸ்டிக்கர் துப்பியது.

"சார், உங்க பெட்டிக்கும் ஃபாஸ்டிங்கா?" என்று கேட்டார் செல்வி. "நகரவே மாட்டேங்குது."

ஏன் மெதுவாக இருந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டமான ஹோட்டல் சர்வரை நினைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு இட்லி ஒரு வடை என்றதும் "சரி சார்" என்பார். அடுப்படிக்குச் சொல்லியிருக்க மாட்டார், தலைக்குள் வைத்திருப்பார். டிஸ்க்கும் அப்படித்தான். எழுது என்றால் எழுதிவிட்டேன் என்று உடனே சொல்லும், உண்மையில் தன்னுடைய சின்ன நினைவகத்தில் வைத்திருக்கும். அந்த நேரம் கரண்ட் போனால் போனதுதான். அதனால்தான் ஃப்ளஷ் என்ற கட்டளை. 'தலையில் இருப்பது எல்லாவற்றையும் இப்போதே உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வா, அதுவரை நான் இங்கேயே நிற்கிறேன்.' பத்திரமானது, ஆனால் நேரம் பிடிக்கும்.

எங்கள் கோப்பு முறைமையில் ஒரு ஜர்னலும் உண்டு. எந்த மாற்றமானாலும் முதலில் அதில் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பு டிஸ்க்கில் நிஜமாக இறங்கியதா என்று ஃப்ளஷ் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளும். லேப்பில் ஒவ்வொரு ஆளுக்கும் பெயர், வயதோடு ஒரு புதுச் சீட்டு உருவாகும். புதுக் கோப்பு என்பதால் அது ஜர்னல் வழியாகப் போகும். ஜர்னல் தன் பங்குக்கு ஃப்ளஷ் செய்யும். அது முடிந்ததும் சேமிக்கும் நிரலின் கடைசி வரியில் இன்னொரு ஃப்ளஷ். இப்போதுதான் அடுப்படிக்குப் போய் வந்த சர்வரை, வாசல்படி ஏறியதும் திரும்ப அடுப்படிக்கு விரட்டுவது மாதிரி.

எனக்கு ஒரே குஷி. வீண் வேலையைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டேன்.

மேடம் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, இந்த வரிய எழுதினவங்க யாரை நெனச்சு எழுதியிருப்பாங்க?"

"யாரோ பயந்தாங்கொள்ளி மேடம்."

"இருக்கலாம். அந்தப் பயந்தாங்கொள்ளி எதைப் பாத்து பயந்தாருன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுங்களேன்."

நான் சிரித்தேன். "டெஸ்ட் பண்ணிட்டுத்தான் எடுத்தேன்."

பண்ணினேன், பொய்யில்லை. பெட்டியில் ஆட்களைப் பதிய விட்டு, நடுவில் ரீசெட் பட்டனை அழுத்துவேன். பெட்டி திரும்ப எழுந்ததும் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பேன். நூறு தடவை அழுத்தினேன். நூறு தடவையும் ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை. முடிவுகளைக் குறித்து வைத்த தாளை மேடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கும் அன்று வேறு வேலை இருந்தது.

புது மென்பொருளை லேப்பில் போட்டதும் ஸ்டிக்கர் சடசடவென்று வந்தது. வரிசை கரைந்தது. "மொத தடவையா எட்டு மணிக்குள்ள யாரும் என்னைத் திட்டல சார்," என்றார் செல்வி. முதலாளி என் முதுகில் தட்டினார். லேப் உரிமையாளர் இன்னும் இரண்டு கிளைகளுக்கு அதே பெட்டியைக் கேட்டிருந்தார். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

எட்டாவது நாள் போன் வந்தது. லேப்பில் ஒரே எண்ணோடு இரண்டு டியூப். இரண்டிலும் நாற்பத்தொன்று.

போனேன். செல்வி, உரிமையாளர், மேசையில் ஒரு ஸ்டாண்டில் அந்த இரண்டு டியூப். ஒன்றின் சுகர் முந்நூற்றைத் தாண்டியிருந்தது, இன்னொன்று கச்சிதமாக இருந்தது. நாற்பத்தொன்று என்று வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், கனமான உடம்பு. இன்னொருவர் சிறுசேரியில் வேலை செய்யும் ஒல்லியான இளைஞர். எது யாருடைய ரத்தம்?

"வேன்காரருக்குத்தான் சார் இருக்கும், பாத்தாலே தெரியுது," என்றார் உரிமையாளர். அந்த ஊகம் தப்பு என்று பின்னால் தெரிந்தது. நல்லவேளை, அதை வைத்து ரிப்போர்ட் கொடுக்க செல்வி விடவில்லை. இரண்டு பேரையும் மறுநாள் காலை திரும்ப வரச் சொல்லி அவரே போன் செய்திருந்தார். இரண்டு டியூப் ஒரே எண்ணில் இருப்பதைக் கவனித்துச் சொன்னதும் அவர்தான். சொன்னதற்குப் பரிசாகத்தான் அவர் அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

பெட்டியில் மறுபதிப்பு என்று ஒரு பட்டன் உண்டு. ஸ்டிக்கர் கிழிந்தால் அதே எண்ணை இன்னொரு தடவை அடிக்கலாம். செல்வி அவசரத்தில் அதை அழுத்தி, பழைய எண்ணை அடுத்த ஆளுக்கு ஒட்டிவிட்டார் என்பது உரிமையாளரின் கட்சி.

"நான் அழுத்தல சார். கரண்ட் போச்சு. ஸ்டிக்கர் பாதி வெளிய வந்து நின்னுச்சு, மீதிய நான் கையால இழுத்துக் கிழிச்சு ஒட்டினேன். கரண்ட் வந்ததும் அடுத்தவருக்கு மெஷினே குடுத்த நம்பர்தான் அது."

"கரண்ட் போனா? பெட்டிக்கு யூ.பி.எஸ். இருக்கே," என்றேன் நான். அது என் துறை.

யூ.பி.எஸ்.ஸைப் பார்த்தேன். அதில் காபி மெஷின் செருகியிருந்தது. டெஸ்ட் முடிந்தவர்களுக்குக் காபி தடைபடக் கூடாதாம். எங்கள் பெட்டி பக்கத்துச் சுவர் ப்ளக்கில் நேரடியாகச் செருகியிருந்தது.

உரிமையாளர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். பெட்டியா, இவங்களா? இவங்கன்னா நாளைலேருந்து வர வேணாம். ரத்த விஷயம், இதுல நான் பாவம் பாக்க முடியாது."

லேப்டாப்பை மாட்டி ஜர்னலைப் பார்த்தேன். கரண்ட் போய் வந்ததைப் பதிவு செய்திருந்தது, தன் குறிப்புகளைச் சரிபார்த்து சுத்தம் என்று முடித்திருந்தது. ஒரு குறையும் இல்லை. இருந்தால்தானே காட்டும்? ஒரே ஒரு எண் இரண்டு தடவை வந்திருக்கிறது. இயந்திரம் தப்பு செய்தால் பத்து, இருபது என்று கொட்டும், ஒன்றே ஒன்று என்றால் அது மனுஷத் தப்பு. அப்படி நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை நீங்கள் கவனியுங்கள்.

"எங்க பெட்டியில தப்பில்ல சார்."

செல்வி என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை. கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். "பெட்டிக்குப் பேச நீங்க இருக்கீங்க சார்," என்றார். "சரி, பரவால்ல."

பிஸ்கட் பாக்கெட் வந்தது. நான் நடக்க ஆரம்பித்தேன்.

நான் எதை விட்டுப் போய்க்கொண்டிருந்தேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. வேலையை விடவில்லை, மதியத்துக்குள் ஆபீஸ் போய்ச் சேர வேண்டியவன். ஆனால் கால் நடந்துகொண்டிருந்தது.

கோவிலம்பாக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்றேன். பக்கத்துக் கடை ஜெராக்ஸ். யாரோ ரேஷன் கார்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஜெராக்ஸ்காரர் மூடியைத் திறந்து பாதியில் நின்ற தாளைக் கையால் இழுத்து வெளியே எடுத்தார். மேல்பாதியில் குடும்பத் தலைவர் தெளிவாக இருந்தார். கீழ்ப்பாதியில் ஒருவரும் இல்லை.

"பாதில நின்னுக்கினு பேஜார் பண்ணுது பா," என்றார்.

டீ கையில் இருக்க, நான் அந்தப் பாதித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நூறு டெஸ்டிலும் ஒரு ஸ்டிக்கர்கூடப் பாதியில் நின்றதில்லை. ரீசெட் பட்டனை அழுத்தினால் பெட்டியின் மூளைதான் மயங்கி விழும். டிஸ்க்குக்குக் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். தலைக்குள் வைத்திருந்ததை எல்லாம் அது நிதானமாக எழுதி முடித்துவிடும். கரண்டே போனால் என்ன ஆகும் என்று நான் பார்த்ததே இல்லை. ஏன் பார்க்கவில்லை? எங்கள் ஆபீசில் கரண்டே போனதில்லை. ஏன் போகவில்லை? ஒவ்வொரு ப்ளக்குக்கும் யூ.பி.எஸ். இழுத்து வைத்த மகானுபாவன் யார்?

டீ ஆறிவிட்டது. மீதி தூரத்தை வேகமாக நடந்தேன். ஈச்சங்காடு சிக்னலில் பைக்கில் வந்த ஒருவர் பிரேக் போட்டு, கெட்ட வார்த்தையில் என் குடும்பத்தை விசாரித்தார்.

ஆபீசில் மேடமிடம் நடந்ததைச் சொன்னேன். "பிடுங்கிப் பாக்கணும்" என்றேன். அவர் உடனே எழுந்தார். யூ.பி.எஸ். இல்லாத ப்ளக் அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான், டீ போடும் இண்டக்‌ஷன் அடுப்புக்கு. அடுப்பை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியை அங்கே மாட்டினோம். லேப்பில் இருந்த அதே மென்பொருள், அதே மாதிரி டிஸ்க், அதே ஸ்டிக்கர் மெஷின். மேடம் ஆட்களைப் பதிவார், நான் பிளக்கைப் பிடுங்குவேன். இத்தனை வருடம் கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்ட கைக்கு அது ரொம்பக் கூச்சமாக இருந்தது.

ஸ்டிக்கர் வந்ததும் பிடுங்கினேன். பெட்டி எழுந்தது. எல்லாம் இருந்தது. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, எட்டுத் தடவை. எண் ஒன்றுகூடப் பிசகவில்லை.

எனக்கு மனசு லேசாகிக்கொண்டே போனது. அதை இன்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. எட்டாவது முறை நான் பிளக்கை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு, "பாத்தீங்களா மேடம், நம்ம பக்கம் இல்ல," என்றேன்.

"நீங்க ஸ்டிக்கர் வந்து விழுந்த பிறகு பிடுங்கறீங்க அண்ணா."

"ஆமா."

"அந்தப் பொண்ணு, ஸ்டிக்கர் பாதியில நின்னுச்சுன்னு சொன்னதா நீங்கதான சொன்னீங்க?"

நான் பிளக்கை மாட்டினேன். ஒன்பதாவது முறை, மெஷின் கர்ரென்று ஆரம்பித்து ஸ்டிக்கர் நாக்கை நீட்டிய கணத்தில் பிடுங்கினேன். பாதியில் நின்றது. மேடம் கையால் இழுத்துக் கிழித்தார். ஒன்பது என்று அச்சாகியிருந்தது. பெட்டி எழுந்தது. அடுத்த ஆளைப் பதிந்தார். ஸ்டிக்கர் வந்தது.

ஒன்பது.

இரண்டு ஸ்டிக்கரையும் அடுப்பு மேடைமேல் பக்கம் பக்கமாக ஒட்டினார். வெளியே முதலாளி யாருக்கோ போனில் டைல்ஸ் அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம் தேட அரைமணிகூட ஆகவில்லை. சீட்டு ஒவ்வொன்றும் புதுக் கோப்பு, அதனால் ஜர்னல் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் எண் வருவது சீட்டிலிருந்து இல்லை, பதிவேடு என்ற இன்னொரு கோப்பிலிருந்து; அதில் அடுத்த வெற்றுக் கட்டம் எதுவோ அதுதான் எண். லேப்பின் மென்பொருள் காலையில் கதவு திறந்ததும், அன்றைய பதிவேட்டை வெற்றுக் கட்டங்களோடு முழுசாக உருவாக்கி வைத்துவிடும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கட்டத்தின் மேலேயே எழுதிப் போகும். கோப்பின் அளவு மாறாது, இடம் மாறாது. ஜர்னலில் குறிக்க ஒன்றுமே இல்லை. குறிக்க ஒன்றுமில்லாத ஜர்னல் ஃப்ளஷ் செய்யாது. அந்தப் பதிவேட்டுக்கு இருந்த ஒரே காவல் கடைசி வரியில் இருந்த அந்த இரண்டாவது ஃப்ளஷ். சீட்டுக்கு அது வீண் வேலை. பதிவேட்டுக்கு அதுதான் எல்லாம்.

ஒரே ஒரு எண் மட்டும் ஏன்? அடுத்த ஆளின் சீட்டுக்கு ஜர்னல் ஃப்ளஷ் செய்யும்போது டிஸ்க் தலையில் இருப்பது எல்லாம் சேர்ந்து இறங்கிவிடும், முந்தின கட்டம் உட்பட. ஆகவே எப்போதும் கடைசி ஆள் ஒருவர் மட்டும் காற்றில் நிற்பார். அதுவும் ஸ்டிக்கர் முழுசாக வந்து விழும்வரைதான், அதற்குள் டிஸ்க் தானாகவே எழுதி முடித்துவிடும். அன்று அந்தக் கடைசி ஆள் நாற்பத்தொன்று. மனுஷத் தப்பு மாதிரியே தெரிந்த தப்பை உட்கார்ந்து செய்தது நான்தான்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் கேட்கவில்லை.

"யோவ் யூ.பி.எஸ்., காபி மெஷின்னு ஒண்ணு இருக்குல்ல? நம்ம பெட்டிய அவங்க யூ.பி.எஸ்.ல மாட்டல. நம்ம கண்டிஷன மீறிட்டாங்க. அதை எழுதி அனுப்பு. பொய்யா அது?"

பொய்யில்லை. அதுதான் கஷ்டம். கெட்ட சாக்கு என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். இது அசல் சாக்கு, தாளில் எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

"அப்படி எழுதினா அந்தப் பொண்ணுக்கு வேலை திரும்பக் கெடைக்குமா சார்?"

"அது அவங்க விஷயம்."

"கெடைக்காது சார். கரண்ட் போனதுக்கு யூ.பி.எஸ். காரணம். நம்பர் ரெண்டு தடவை வந்ததுக்கு நான் காரணம். அதுக்குத்தான் ஜர்னல்னு ஒண்ணு வெச்சிருக்கோம், கரண்ட் போனாலும் தாங்கறதுக்கு."

"ரெண்டு கிளை ஆர்டர் யா."

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன் சார்."

"போ. நாளைக்கு இந்தப் பக்கம் வராத. நான் என்ன பண்றதுன்னு யோசிக்கணும்."

வேறு நாளாக இருந்தால் இந்த வார்த்தைக்கு நான் பையை எடுத்துக்கொண்டு நடந்திருப்பேன், தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும், அங்கிருந்து எந்த ரயில் முதலில் வருகிறதோ அதில் ஏறியிருப்பேன். பழக்கம் அப்படி. பையை எடுத்தும்விட்டேன். மேடம் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். "அந்தக் கடைசி வரியத் திரும்ப வெச்சு, ஜர்னல் இப்பத்தான் ஃப்ளஷ் பண்ணிச்சான்னு மொதல்ல கேக்க வெக்கறேன். பண்ணியிருந்தா விட்டுடும், இல்லன்னா இது பண்ணும். உங்க வேகம் போகாது அண்ணா. ஆனா நாளைக்கு முழுக்கப் பிடுங்கிப் பாத்துட்டுத்தான் வெளிய அனுப்புவேன்." பிறகு ஒரு கணம் நிறுத்தினார். "ஷேர் ஆட்டோல போங்க. நடந்தீங்கன்னா லேப் மூடிடுவாங்க."

ஷேர் ஆட்டோவில் போனேன். திரும்பிப் போவதற்கு வண்டி ஏறியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

செல்வி தன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பும் தறுவாயில் இருந்தார். உரிமையாளரிடம் அந்த இரண்டு ஒன்பதாம் எண் ஸ்டிக்கர்களைக் கொடுத்தேன். ஒன்று கோணலாகக் கிழிந்தது, ஒன்று முழுசு.

"இது எங்க ஆபீஸ்ல வந்தது சார். மறுபதிப்பு பட்டனை யாரும் தொடல. அவங்க சொன்ன மாதிரியே செஞ்சோம், அவங்களுக்கு ஆன மாதிரியே ஆச்சு. தப்பு என்னோடது."

"காலையில பெட்டி சரின்னீங்க."

"காலையில பெட்டியக் கேட்டேன் சார். இவங்களைக் கேக்கல."

உரிமையாளர் ஸ்டிக்கர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு செல்வியைப் பார்த்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. "நாளைக்கு எத்தனை மணிக்குத் தெறக்கணும்?" என்றார். எல்லோருக்கும் தெரிந்த மணிதான். அதுவே போதும் என்று செல்வி குடையை ஆணியில் திரும்ப மாட்டினார்.

"ஆறரைக்கு," என்றார். "ஆனா அந்தப் பெட்டி வேணாம் சார். சரியாகி வர்ற வரைக்கும் நம்பர் கையால எழுதணும். எனக்கு ஊசி குத்தவே ரெண்டு கை பத்தல."

"ஆள் எங்கம்மா இருக்கு?"

செல்வி என்னைப் பார்த்தார். "சாருக்கு நாளைக்கு வேலை இருக்கா?"

"இல்ல," என்றேன். அதுவும் பொய்யில்லை.

பிஸ்கட் பாக்கெட்டை மேசைமேல் திரும்ப வைத்தேன். "நாளைக்கு வெச்சிக்குங்க சார், தேவைப்படும்," என்றார் செல்வி.

மறுநாள் காலை ஆறரைக்கு, ஒரு மார்க்கர் பேனாவோடு, அந்த லேப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் வேலை இரண்டே இரண்டு. ஒன்று, "சாப்ட்டீங்களா?" என்று கேட்பது. இல்லை என்று சொல்கிறவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் வேண்டும். இரண்டு, டியூப்பில் எண்ணும் பெயரும் எழுதுவது.

வரிசையில் முதல் ஆள் சிறுசேரி இளைஞர். கம்பெனி வண்டி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் வேன் ஓட்டுபவர். இரண்டு பேரும் நேற்றுப் பட்டினி, இன்றும் பட்டினி, ஒரே எண்ணால் அறிமுகமாகி நண்பர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரே எண் யாரால் வந்தது என்று நான் சொன்னேன். இளைஞர் கையை நீட்டியபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

செல்வி ரத்தம் எடுத்து டியூப்பை என்னிடம் கொடுத்தார். ஒன்று என்று எழுதி, பெயரை எழுதி, ஸ்டாண்டில் வைக்கப் போனேன்.

"சார், காயட்டும். ஈரத்தோட வெச்சா கையுறையில ஒட்டிக்கிட்டு வந்துடும். அப்பறம் அதுல ஒண்ணும் இருக்காது."

டியூப்பைக் கையில் பிடித்து ஊதினேன். ஹாரன் மறுபடி அடித்தது. வரிசையில் கடைசிவரை தலைகள் எட்டிப் பார்த்தன.

"இன்னா சார், பேனாவுக்கு மந்திரம் ஓதறியா?" என்றார் வேன்காரர். "புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவணும். சீக்கிரம் வுடு."

"ரெண்டு நிமிஷம் அண்ணா. அடுத்தது நீங்கதான்."

விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். விரலில் மை ஒட்டவில்லை. டியூப்பை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, அடுத்த டியூப்பை எடுத்து, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன்.